இரண்டு கில்டர் கறுப்பு

ஸ்வோல்லேயில் மூன்று நாளாய் மழை.
ரூல்ஃபிங்க் வீட்டு வேலைக்காரி ஃபென்னா
நனைந்த மரச்செருப்போடு வாசலில் நின்றாள்.
"அம்மா கூப்பிடுகிறார்.
படத்தில் ஐயாவுக்கு
நெஞ்சில் ஏதோ வந்திருக்கிறது."

வந்திருக்கிறது என்றாள், கட்டி வந்ததைச் சொல்வதுபோல,
செத்து ஏழு மாதமான மனிதருக்கு.

போனேன்.
கணப்புக்கு மேலே அதே ஆணி, அதே பொன்முலாம் சட்டம்.
எவெர்ஹார்ட் ரூல்ஃபிங்க், தானிய வணிகர்,
முப்பத்தெட்டு வயதிலேயே நின்றுவிட்டவர்.
கழுத்துத் துணியை நன்றாகவே போட்டிருக்கிறேன்,
இன்றும் கஞ்சியின் மொடமொடப்பு காதில் விழுகிறது.
மூக்கு பொய். அவர் கேட்டு வாங்கிய பொய்.
வலது கை உள்சட்டைக்குள் செருகியிருக்கும்;
பார்ப்பவர்கள் கம்பீரம் என்பார்கள்.
கைகளுக்குத் தனிக்கூலி என்று நான் சொன்னதும்
"ஒன்று போதும்" என்றவர் அவர்.

அந்த இல்லாத கைக்கு இரண்டு விரற்கடை மேலே
கறுப்புக் கோட்டைக் கிழித்துக்கொண்டு
ஒரு துண்டு வானம்.

"பூஞ்சையா?" என்றாள் கெசினா.

என் கை கலந்த நீலம், எனக்குத் தெரியாதா?
பேரரசர் அனுப்பிய பதக்கத்தின் பட்டை.
முகத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்தவர்
பட்டைக்கு நாலு நாள் உட்கார்ந்தார்,
மூச்சை இழுத்துப் பிடித்தபடி.

மறு வருடம் நவம்பரில்
கொசாக்குகள் நகர வாயிலில் நுழைந்தார்கள்.
காலை பத்து மணிக்குள்
கடைகளில் ஆரஞ்சு ரிப்பன் தீர்ந்துவிட்டது.
தாமதமாய் விழித்தவர்கள்
கதவுகளில் காரட் கட்டித் தொங்கவிட்டார்கள்.
அன்றிரவு, கோதுமை வண்டியில்
போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு
தன்னைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

சுரண்டும் கத்தியை எடுத்தேன்.
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
"சுரண்டாதே. மூடு."
மூடினால் நாளாவட்டத்தில் என்று ஆரம்பித்தேன்.
"மூடினால் போதும். யார் கண்டது."

இரண்டு கில்டர் கொடுத்தார்.
இரண்டு கில்டருக்கு எத்தனை பூச்சு வரும்?
ஒன்று.
எலும்புக்கரி கொஞ்சம், ஆளிவிதை எண்ணெய் நிறைய,
அதுவும் மெழுகுத்திரி வெளிச்சத்தில்.

அவர் பயந்தது, அல்லது எதிர்பார்த்தது, நடக்கவும் செய்தது.
பேரரசர் தீவிலிருந்து திரும்பிவிட்டார் என்று செய்தி வந்த வாரம்
பாலத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்:
"அதை டர்பன்டைனில் துடைத்தால் போய்விடுமா?"
போகும் என்றேன்.
அவர் முடிவெடுப்பதற்குள்
அந்தச் சண்டையும் முடிந்துபோனது.
பிறகு நாங்கள் சந்தித்தபோதெல்லாம்
ரொட்டி விலையைப் பற்றியே பேசினோம்.

அரசர்கள் வந்தார்கள், எல்லைகள் நகர்ந்தன.
ஒருவராலும் முடியாததை
ஃபென்னாவின் கந்தல்துணி முடித்திருக்கிறது.
சனிக்கிழமை தோறும் வாசற்படி, ஓடுபதித்த தரை, பித்தளைக் கெண்டி,
கடைசியாக ஐயா.
எல்லாவற்றுக்கும் ஒரே வாளி, ஒரே சோப்பு,
இருபத்திரண்டு வருடம்.

இதையெல்லாம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அதற்குள் கெசினா நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி
நீலத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
"இங்கேதான் அவருக்கு வலிக்கும்.
பாதி ராத்திரியில் எழுந்து இங்கே அமுக்கிக்கொள்வார்.
மருத்துவர் ஒன்றுமில்லை என்றார்.
நானும் நம்பவில்லை."

தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.
பையில் கறுப்பு இருந்தது, காலையில் அரைத்தது.

"மறைக்க எவ்வளவு?"
"மூன்று பூச்சு. ஒன்பது கில்டர்."

வணிகர் வீட்டுப் பெண். பேரமே பேசவில்லை.
அதிலேயே எனக்குப் புரிந்தது.
நாற்காலியிலிருந்து இறங்கினாள்,
கையை முந்தானைத் துணியில் துடைக்கவில்லை.
"ஃபென்னா, இனி ஐயாவைக் கழுவ வேண்டாம்."

ஆறிய காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.
வெளுத்த வாசற்படியில் என் பூட்ஸ் பதிந்தது, சேற்றோடு.
தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன்.
அதற்குள் அவள் வாளியோடு
மண்டியிட்டிருந்தாள்.